கூகைவரையும் என் டப்பாவும்

ஏப்ரல் 6

இன்பா அக்கா எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். எனக்கு! என் பெயரைச் சொல்லி!

நிதானமாக எழுது சுருளி. நிதானம்.

பெயர்: சுருளியம்மாள். பிளஸ் ஒன் பரீட்சை எழுதிவிட்டு ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு வந்திருப்பவள். ஊர்: குருவிமேடு, பளியர் குடியிருப்பு, தேனி மாவட்டம். பஸ் வராது, ஜீப் மட்டும் ஏறும். ஆய்வுத் துறை: எல்லாம். வாத்தியார்: யூடியூப்.

‘ஏன் எதுக்கு’ சேனலில் இன்பா அக்கா போட்ட எல்லா வீடியோவையும் பார்த்திருக்கிறேன். சிலதை வசனத்தோடு சொல்வேன். பெங்களூரில் பெரிய லேபில் பூச்சிகளை ஆராய்கிற டாக்டர் அவர். இந்த வருஷம் ‘மலையிலிருந்து லேபுக்கு’ என்று ஒன்று தொடங்கியிருக்கிறார். பழங்குடிப் பிள்ளைகள் மட்டும். சொந்தமாக ஒரு ஆராய்ச்சி செய்து அனுப்ப வேண்டும். நன்றாக இருந்தால் மதுரையில் நேர்முகம். அதிலும் தேறினால் ஒரு மாதம் அந்த லேபில். அதன்பின் காலேஜ் வரைக்கும் கூடவே நின்று வழி சொல்வார்கள்.

மலைத்தேனீ தன் அடையைப் பகல் வெயிலிலும் விடியற்காலைப் பனியிலும் ஒரே சூட்டில் வைத்திருக்கிறதா? இதுதான் என் கேள்வி. சிக்னல் பாறையில் ஏறி அனுப்பியிருந்தேன். அதற்குத்தான் பதில்:

“சுருளி, ஐடியா சூப்பர்ப்பா. மே ஒண்ணுக்குள்ள டேட்டா அனுப்பு. தினமும் லாக் எழுது. முக்கியமா, அன்னன்னிக்குப் பண்ணுன தப்ப எழுது. தப்பே இல்லாத லாக்க நான் நம்பவே மாட்டேன்.”

ஆகவே இந்த டைரி. அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மே மாசம் உங்க அண்ணன் வந்து திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கான். பனியன் கம்பெனியில உனக்கும் இடம் கேட்டு வச்சிருக்கானாம். இந்த லேபு கீபு எல்லாம் அதுக்குள்ள ஏதாச்சும் ஆனா பாப்போம்.”

‘பார்ப்போம்’ என்று சொல்லிவிட்டார். அம்மா அகராதியில் அது பெரிய வார்த்தை.

இன்றைய தப்பு: பாறையில் குதித்ததில் செருப்பு வார் அறுந்தது.

ஏப்ரல் 9

டப்பா ரெடி!!

என் பிங்க் டிபன் பாக்ஸ். உள்ளே விரல்நகம் அளவுக்கு ஒரு சூடு பார்க்கிற சென்சார், ஒரு குட்டி போர்டு, மெமரி கார்டு, பழைய போன் பேட்டரி. கம்ப்யூட்டர் கோடு எழுதக் கற்றது எல்லாம் வீடியோ பார்த்து. ஸ்கூலில் பிசிக்ஸ் சாரிடம் ஒருமுறை காட்டியபோது, “நல்லாத்தான் இருக்கு. ஆனா காட்டிலாகாவுல வாட்சர் வேலைக்குப் பத்தாவது பாஸ் போதுமேம்மா, எதுக்கு இம்புட்டுச் சிரமம்?” என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கு எங்கள் பிள்ளைகள் என்றால் வாட்சர்தான் ஞாபகம் வரும்.

ஒரே பிரச்சினை, ஈரம். இங்கே மேகம் வீட்டுக்குள்ளேயே வரும். போர்டு நனைந்தால் செத்துப்போகும். அதற்கும் ஒரு வெளிநாட்டுப் பையன் வீடியோவில் வழி சொன்னான்: நகப்பாலிஷ்! போர்டுமேல் பூசினால் தண்ணீர் ஏறாதாம். என் கூடப்பிறந்த மாரி அக்கா திருவிழாக் கடையில் வாங்கி வைத்திருந்த சிவப்பு பாட்டிலை எடுத்துப் பூசிவிட்டேன். என்ன மணம்! வாழைப்பழ மிட்டாய் மாதிரி. நக்கிப் பார்க்கலாமா என்றுகூட இருந்தது.

“அடியே, என் பாலிஷ எவடி தொட்டது?”

“அறிவியல்க்கா.”

“அறிவியலையும் உன்னையும் சேத்துக் கட்டி வச்சு உரிக்கிறேன் பாரு.”

இன்றைய தப்பு: பாட்டிலில் பாதி காலி.

ஏப்ரல் 12

டப்பாவைக் கூகைவரையில் தொங்கவிட வேண்டும். ‘வரை’ என்றால் நெட்டுக்குத்தான பாறை. உச்சியில் மரத்தில் கொடி ஏணியைக் கட்டி, இடுப்பில் வடத்தோடு இறங்கினால், நடுவில் பெரிய பெரிய அடைகள். இறங்கத் தெரிந்தவர் எங்கள் வீரணன் மாமா. மாரி அக்காவின் வீட்டுக்காரர். மாமா சரி என்றுவிட்டார்!

ஆனால் மேலே வடம் பிடிக்க ஆள் வேண்டும். அதில் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. இறங்குபவனின் பெண்டாட்டிக்கு உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தன் அக்கா தங்கை தாலியை இழப்பதை எவன் விரும்புவான்? அதனால் அவன் கை நழுவாது. கூடப்பிறந்த தம்பி மட்டும் பிடிக்கவே கூடாது. ஏன் என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. அண்ணன் போனால் அண்ணி யாருக்கு என்ற பேச்சு வந்துவிடுமாம். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அப்படிப் பார்த்தால் பிடிக்க வேண்டியவன் எங்கள் அண்ணன். போன் செய்தேன். “ஆர்டர் நேரம்டி. மேல வந்தேன்னா வேலை போயிரும். மே மாசம் வாரேன், வச்சுக்கிருவோம்” என்றான்.

மே மாதம்! டேட்டா மே ஒன்றில் அனுப்ப வேண்டும்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பாயசம். யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 16

மாமாவின் தம்பி வெள்ளையன் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். நான் அவரைச் சின்ன மாமா என்றுதான் கூப்பிடுவேன். டப்பாவுக்கு ஒயர் வாங்க சின்னமனூர் வரை போய்வந்தவர் அவர்தான்.

இதில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நான் யாரையும் வற்புறுத்தவில்லை. மாமாவிடம் இரண்டு தடவைதான் கேட்டேன். அழுதது மூன்றாவது தடவை. அது கேட்டதில் சேராது.

அம்மா, “முறை இல்லாத கை” என்று முணுமுணுத்தார். மாமா சிரித்தார். “தேன் எடுக்கவா போறேன்? பொட்டியத் தொங்கவிட்டுட்டு ஏறி வரப்போறேன். அதுக்குப் புகைகூட வேணாம். தம்பி புடிச்சா என்ன, தும்பிக்கை புடிச்சா என்ன?”

நாளை மறுநாள்!

ஏப்ரல் 18

மாமாவை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு கீழே போயிருக்கிறார்கள். மூச்சு இருக்கிறது.

ஏப்ரல் 20

இப்போதுதான் எழுத முடிகிறது. வரிசையாக எழுதுகிறேன். இன்பா அக்கா வரிசை முக்கியம் என்பார்.

அன்று காலை பனி. போர்டில் ஈரம் ஏறிவிடுமோ என்று கிளம்பும் முன் இன்னொரு கோட் பாலிஷ் தடவினேன். மூடியை இறுக்கமாக மூடினேன்.

வரையில் இறங்கும் நாளில் சோப்பு, தலையெண்ணெய், பூ, பீடி எதுவும் கூடாது. தேனீக்கு மணம் ஆகாது. இதில் நான்தான் எல்லாரையும் விடக் கறார். இதை மூடநம்பிக்கை என்று ஹாஸ்டலில் ஒருத்தி சொன்னபோது சண்டையே போட்டிருக்கிறேன். உச்சியில் வடம் பிடிப்பவர் இறங்குபவரை மோந்து பார்ப்பார். தலை, இரண்டு கை, வேட்டி. சின்ன மாமா அப்படியே செய்தார். மோந்து முடித்ததும் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். அதற்குமேல் பேச்சு கிடையாது.

“எறங்கு” என்றார்.

அந்த இரண்டு பேர் தவிர யாரும் உச்சியில் நிற்கக்கூடாது. நாங்கள் எதிர்ச் சரிவில் நின்றோம். நான், அம்மா, மாரி அக்கா, இன்னும் சிலர். “மாமா, அடை பக்கத்துல போனதும் மூடியத் தெறந்து விடணும், மறந்துறாதீங்க” என்று நான் கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மாமா இறங்கினார். அடைக்குப் பக்கத்தில் நின்றார். இடுப்பில் இருந்து டப்பாவை எடுத்தார். பிங்க் கலர் இங்கிருந்தே தெரிந்தது.

அடை முழுக்க ஒரே நேரத்தில் உதிர்ந்த மாதிரி இருந்தது. கறுப்பாக. மாமாவைக் காணவில்லை. அந்தக் கறுப்புதான் ஏணியில் தொங்கியது. ஏணி ஆடியது, முறுக்கிக்கொண்டது. மாமா ஏறப் பார்த்து, கை விட்டு, கீழே போனார். வடம் பிடித்தது. பாதிவரை பிடித்தது. பிறகு பாறை விளிம்பில் அறுந்து, சரிவில் விழுந்தார்.

கால் உடைந்துவிட்டது. முகம் முகமாக இல்லை. சின்ன மாமாவின் உள்ளங்கை இரண்டும் தோலே இல்லை.

இன்றைய தப்பு:

ஏப்ரல் 21

மாரி அக்கா துணி எடுக்க ஆஸ்பத்திரியில் இருந்து வந்தாள். கண் திறந்திருக்கிறாராம். ஆனால் இன்னும் பேசவில்லை.

வாசலில் நின்றே சொன்னாள்: “ஏணி ஆடுனத நான் பாத்தேன். ஆடுன பொறகுதான் ஈ கெளம்புச்சு. சொந்தத் தம்பிய வடத்துல நிறுத்துனா இதான் நடக்கும்.”

எங்கள் ஊரில் யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள். பஞ்சாயத்தும் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். சாயங்காலம் சின்ன மாமா குழாயடிக்கு வந்தார். இருந்த எல்லாரும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதி நிரம்பிய குடத்தோடு.

நானும் போனேன். என் குடம் நிரம்பியிருந்தது, அதனால்.

ஏப்ரல் 23

சிக்னல் பாறை. நடந்ததை இன்பா அக்காவுக்குச் சொன்னேன். உடனே போன் செய்தார். உண்மையான போன்! வேறு நாளாக இருந்தால் இந்தப் பக்கம் முழுக்க அதைத்தான் எழுதியிருப்பேன்.

“மொதல்ல உங்க மாமா எப்படி இருக்காரு, அதச் சொல்லு... சரி. ப்ராஜெக்ட் பத்திக் கவலப்படாத சுருளி. இலை, பாசி, மழைன்னு சின்னதா எதையாச்சும் பண்ணி அனுப்பு, நான் சேத்துக்கறேன். யாரும் உன்னக் குத்தம் சொல்ல மாட்டாங்க.”

“சரிங்கக்கா.”

“ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னிக்கு லாக்ல தப்புன்னு என்ன எழுதிருக்க?”

சிக்னல் போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது.

பாசி நல்ல ஐடியா. ஓடைப் பக்கம் நிறைய இருக்கிறது.

ஏப்ரல் 24

சின்ன மாமா வந்தார். கையில் துணி சுற்றியிருந்தது. வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

“வரைக்குக் கீழ கெடந்துச்சு. உன்னோட பொட்டி. ஒடையல.”

வாங்கிக்கொண்டேன். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்டிருக்கலாம். போய்விட்டார்.

மூடியைத் திறந்தேன். அந்த மிட்டாய் மணம் இன்னும் இருந்தது.

பரண்மேல் போட்டுவிட்டேன். பாசி சேகரித்தேன். பச்சையில் இரண்டு விதம்.

ஏப்ரல் 26

இன்று சிக்னல் பாறையில் உட்கார்ந்து சும்மா நெட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வேலையும் இல்லை, அதனால். தேனீ ஒன்று கொட்டினால் அதே நேரத்தில் ஒரு வாசத்தையும் விடுமாம். ‘எதிரி இங்கே, எல்லாரும் வாங்க’ என்று கூட்டத்துக்குச் சொல்கிற வாசம். மனிதர் மூக்குக்கு அது வாழைப்பழம் மாதிரி இருக்குமாம். அந்த மாதிரியே ஒரு திரவத்தை மலிவு பெயின்ட், பாலிஷ் எல்லாம் இளக்குவதற்கும் ஊற்றுவார்களாம்.

வெளிநாட்டுக் கட்டுரை. நம் ஊர்த் தேனீக்கும் நம் ஊர்ப் பாலிஷுக்கும் பொருந்துமோ என்னவோ.

ராத்திரி சாப்பிடவில்லை. பசி இல்லை.

ஏப்ரல் 27

ஜீப் நிற்கிற இடத்தில் இடிந்த கொட்டகை ஒன்று இருக்கிறது. அதன் கல் சுவர் இடுக்கில் அடுக்குத்தேனீக் கூடு. சின்ன ஈ, ஆளைக் கொல்லாது.

நீள மூங்கில் முனையில் பஞ்சு. முதலில் வெறும் பஞ்சு. ஈக்கள் கண்டுகொள்ளவில்லை. அடுத்தது சோப்புத் தண்ணீர்ப் பஞ்சு. கொஞ்சம் வெளியே வந்து சுற்றிவிட்டு உள்ளே போயின. கடைசியாகப் பாலிஷ் தொட்ட பஞ்சு.

கழுத்தில், காதில், கண் இமையில் வாங்கினேன்.

ஒரு தடவை செய்தது ஆராய்ச்சி ஆகாது. ஏதாவது தற்செயலாக இருக்கலாம். இன்பா அக்காவே சொல்வார்.

ஏப்ரல் 28

மறுபடி செய்தேன். அதேதான்.

ஏப்ரல் 29

நாளைக்கு ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்ற ஜீப் வருகிறது. சின்ன மாமா அதில் கேரளா போகிறாராம். திரும்பி வருவதாக இல்லை போல. கோழியைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டார்.

குழாயடியில் அவர் மட்டும். நான் போனேன். என் வீங்கின இமையைப் பார்த்தார்.

“கண்ணுல என்ன புள்ள?”

“ஈ கொட்டிருச்சு.”

“மொகம் பரோட்டா மாவு கணக்கா இருக்கு.” சிரிக்கப் பார்த்தார். பிறகு குடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். “சுருளி, நீ எதிர்ச்சரிவுல நின்னேல்ல. நெசமாச் சொல்லு. ஏணி மொதல்ல ஆடுச்சா, ஈ மொதல்ல கெளம்புச்சா?”

“ஈதான் மொதல்ல மாமா.”

“எல்லாரும் ஏணிங்கிறாக. மொதல்ல நான் அசைக்கவே இல்லன்னு நெனச்சேன். இப்போ ராத்திரி படுத்தா, அசச்சிருப்பேனோன்னு வருது. என் கை எனக்குத் தெரியாம அசச்சிருக்குமோ? அண்ணனக் கொல்ல எங்க மனசுக்குள்ள ஏதும் இருந்திருக்குமோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு புள்ள.”

துணி சுற்றிய கையை ஏதோ அடுத்தவர் கை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. சொன்னால் லேப் இல்லை, மதுரை இல்லை, அம்மாவின் ‘பார்ப்போம்’ இல்லை. திருப்பூர்தான். குடம் வழிந்துகொண்டே இருந்தது. நான் நிறுத்தவில்லை.

இன்றைய தப்பு: எழுதினால் நிஜமாகிவிடும்.

எழுதுகிறேன். ஏப்ரல் 18 அன்றைய தப்பு: ஆளை மோந்து பார்த்தோம். டப்பாவை மோந்து பார்க்கவில்லை. மணம் மனிதருக்குத்தான், மிஷினுக்கு ஏது என்று இருந்துவிட்டேன். பூசியது நான். மூடியது நான். அடைப் பக்கத்தில் திறக்கச் சொன்னதும் நான்.

ஏப்ரல் 30

காலையில் ஜீப் வந்தது. சின்ன மாமா பின்னால் ஏறி மூலையில் உட்கார்ந்திருந்தார். மாரி அக்கா ஆஸ்பத்திரிக்கு அதே ஜீப்பில் போக வேண்டும். அவர் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஏறாமல் பையோடு தள்ளி நின்றாள். ஊரில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள்.

நான் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மூங்கிலோடு போனேன்.

ஜீப் டிரைவர், “என்னாப்பா இது, வெயில் காலத்துல கரடி எறங்கிருக்கு” என்றார்.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க. ஒரு நிமிசம் இதப் பாத்துட்டுப் போங்க.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன்.

“சும்மா வாடி” என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டேன். அம்மாவை உதறியது இதுதான் முதல் முறை.

வெறும் பஞ்சைச் சுவர் இடுக்கில் காட்டினேன். ஒன்றும் இல்லை. சோப்புப் பஞ்சு. நாலைந்து ஈ சுற்றின. “இதுக்குத்தான் சோப்பு ஆகாதுங்கிறது, இத நீ வந்து சொல்லித் தெரியணுமா?” என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு.

மூன்றாவது பஞ்சு.

சிரிப்பு நின்றது. சுவரே கொதித்த மாதிரி வெளியே வந்தன. பஞ்சை அப்படியே மூடின. எல்லாரும் ஓடினார்கள். நான் மூங்கிலைப் போட்டுவிட்டுக் கம்பளிக்குள் உட்கார்ந்துவிட்டேன். இரைச்சல் அடங்கும்வரை.

தலையை நீட்டினேன். மாரி அக்கா எனக்கு முன்னால் நின்றாள். ஈக்கள் இன்னும் பறந்துகொண்டிருந்தன. அவளுக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை. குனிந்து மூங்கிலை எடுத்தாள். பஞ்சை மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்தாள்.

“இது என் பாலிஷுடி.”

“ஆமாக்கா.”

“பொட்டியில பூசுனது.”

“ஆமா. அன்னிக்குக் காலையிலயும் பூசுனேன். மூடியத் தெறக்கச் சொன்னேன்ல, அப்ப இந்த வாசம்தான் வெளிய வந்துச்சு. ஏணிய யாரும் அசைக்கலக்கா. ஈ வந்ததாலதான் மாமா அசஞ்சாரு.”

அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. மூங்கிலைக் கீழே வைத்தாள், ஏதோ உடைகிற பொருள் மாதிரி. பையை எடுத்தாள். ஜீப்பில் ஏறி, சின்ன மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவர் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். அவர் இரண்டு மணிக்கட்டாலும் பிடித்துக் குடித்தார்.

என்னை அவர் பார்க்கவில்லை. ஜீப் போய்விட்டது. இரண்டு பேரும் அதில்தான் போனார்கள்.

மே 1

அனுப்பிவிட்டேன். பாசியை அல்ல. தலைப்பு: ‘என் கருவி தேனீயிடம் என்ன சொன்னது’. நடந்தது முழுக்க. டப்பாவின் போட்டோ. என் இமையின் போட்டோவும்.

அம்மா பேசவில்லை. குழாயடியில் நான் போனதும் குடங்கள் கிளம்பின. பாதி நிரம்பிய குடங்கள்.

மே 5

இன்பா அக்காவின் மெசேஜ். பாராட்டுவார் என்று எங்கோ ஓரத்தில் ஆசை இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

“சுருளி, ஒரு ஓட்டை இருக்கு. எல்லா வாட்டியும் பாலிஷ் பஞ்ச கடைசியாத்தான காட்டிருக்க? ரெண்டு பஞ்சுல ஏற்கனவே எரிச்சலான ஈ மூணாவதுக்குப் பொங்கியிருக்கலாம்ல? வரிசைய மாத்திப் பண்ணாம இத நீ நிரூபிச்சதா நான் எடுத்துக்க முடியாது.”

இதைக் கேட்டதும் எனக்கு வந்தது கோபம் இல்லை. ஆசை. ஒருவேளை பாலிஷ் காரணமே இல்லையோ? ஒருவேளை நான் காரணம் இல்லையோ? மெசேஜை இன்னொரு தடவை கேட்டேன்.

சரி. பாலிஷை முதலில் காட்டுகிறேன். தனித்தனி நாளில்.

மே 8

முதல் நாள் பாலிஷ் மட்டும். பொங்கின. மறுநாள் வெறும் பஞ்சு. ஒன்றும் இல்லை. இன்று சோப்பு மட்டும். வந்து சுற்றிவிட்டுப் போயின.

பாலிஷ்தான். அனுப்பிவிட்டேன்.

இன்றைய தப்பு: வேறு பதில் வராதா என்று எதிர்பார்த்துச் செய்தது.

மே 10

மாமாவைக் கூட்டி வந்தார்கள். காலில் கட்டு. ஒரு கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. அந்தக் காலால் இனி வரையில் இறங்க முடியுமா என்று டாக்டர் சொல்லவில்லையாம்.

நான் கதவோரம் நின்றேன். மாமாதான் கூப்பிட்டார்.

“பொட்டி எங்க?”

எடுத்து வந்து கொடுத்தேன். திறந்து, மோந்து, மூடினார்.

“இத இடுப்புல கட்டுனப்போ எனக்கு மூக்கு எங்க போச்சு?” என்றார். அவ்வளவுதான். மாரி அக்கா அடுப்படியில் இருந்து வெளியே வரவே இல்லை.

மே 13

மதுரைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்! நாளை மறுநாள் நேர்முகம். இந்த வரியை எழுத எத்தனை நாள் கனவு கண்டிருப்பேன்.

அண்ணன் வந்திருக்கிறான், என்னைத் திருப்பூர் கூட்டிப்போக. “ஒரு ஆளு கால முடமாக்கியாச்சு. இன்னும் எவன் கால ஒடைக்கப் போற? படிச்சது போதும்டி” என்றான்.

நான் அண்ணனிடம் சொன்னேன்: “நான் எதையும் மோந்து பாக்காம விட்டுட்டேன். அதக் கத்துக்கத்தான் அங்க போறேன்.” அது தைரியமாக இருந்தது. சொல்லி முடித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் அழுதேன்.

சாயங்கால ஜீப்பில் யாரோ வந்து இறங்கினார்கள். நான் பார்க்கவில்லை.

மே 14

ஜீப்புக்குக் காத்திருக்கும்போது எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

விடிந்ததும் குளித்தேன். சோப்பு போட்டு. தலைக்கு எண்ணெய் வைத்தேன். நல்ல துணி. பையில் டப்பா. அம்மா எழுந்து கஞ்சி ஊற்றினார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து பஸ்ஸுக்கு ரூபாய் கொடுத்தார். அண்ணன் போர்வைக்குள் இருந்து, “போனா அப்புடியே போயிரு” என்றான். அம்மா அவன் பக்கம் திரும்பி, “எந்திரிச்சு அவ பையத் தூக்கு. இல்லாட்டி வாய மூடிட்டுத் தூங்கு” என்றார்.

அவன் எழுந்திருக்கவில்லை. நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.

கொட்டகைச் சுவர்ப் பக்கம் ஒருவர் குந்தியிருந்தார். சின்ன மாமா. நேற்று ஜீப்பில் வந்தவர் அவர்தான். உள்ளங்கையில் புதுத்தோல், ரோஸ் கலரில் மினுமினுத்தது. ஏலத்தோட்டம் எப்படி இருந்தது என்று கேட்டேன். மடத்தனம்.

அவர் எழுந்து வந்தார். என் பையை வாங்கினார். டப்பாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூக்கை உள்ளே விட்டு மோந்தார். மூடி உள்ளே வைத்தார். என் வலது கையைப் பிடித்து மோந்தார். இடது கை. கடைசியாக என் தலையை.

சோப்பும் எண்ணெயும் கமகம என்று இருந்தேன். வரையாக இருந்தால் விரட்டியடித்திருப்பார்.

பையைத் தோளில் மாட்டிவிட்டார். தள்ளி நின்றார். கீழே ஜீப் ஏறி வருகிற சத்தம் கேட்டது.

“எறங்கு” என்றார்.